வைத்த இடம் எங்கே?

பாலாற்று நீரைத் தேக்கித் தங்கவயலுக்குக் குடிநீர் வழங்கிய ஊர் பேத்தமங்களா. தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஆயினும் சுரங்கத் தொழிலின் ஒரு வழக்கத்தை நாம் வீட்டுக்குக் கொண்டுவரலாம். கீழே இறங்குபவர் எண் பொறித்த வில்லையைக் கொடுத்து விளக்கைப் பெறுவார். மேலேறியதும் விளக்கைத் தந்து வில்லையை மீட்பார். பணி முடிந்தும் வில்லை ஆணியில் தொங்கினால், ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். எவருடைய நினைவையும் நம்பாத ஏற்பாடு அது.

கண்ணாடியைத் தேடி அலைவது பெரும்பாலும் மறதியால் அன்று. கழற்றி வைக்கும் கணத்தில் மனம் வேறெங்கோ இருப்பதால், வைத்த இடம் நினைவில் பதிவதே இல்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடியோ நாளில் பலமுறை கழற்றப்படுவது. அதைத் தேடுவதற்கும் கண்ணாடி வேண்டியிருப்பது தனித் துயரம்! ஆகவே அதற்கென ஓர் ஆணியோ தட்டோ ஒதுக்குவோம். ஆணி வெறுமையாக இருந்தால், அப்போதே தேடிவிடலாம்.

பாஸ்புக் தொலைந்தால் வேறொன்று பெறலாம். ஏடிஎம் அட்டை தொலைந்தால் உடனே தெரிவித்து முடக்கலாம். பெட்டகச் சாவி அத்தகையதன்று. வாடிக்கையாளரின் சாவிக்கு வங்கியிடம் மாற்று இல்லை. பூட்டை அவர் முன்னிலையில் உடைத்தே திறக்க வேண்டும், செலவும் அவருடையதே. அச்சாவியை வாசல் ஆணியில் மாட்ட வேண்டாம். பீரோவுக்குள் அதற்கு ஓர் இடம் குறித்து, வீட்டில் நம்பிக்கைக்குரிய மற்றொருவருக்கும் சொல்லி வைப்போம்.