காரின் கம்ப்யூட்டரிடம் பொய் சொன்னது யார்?

கீபோர்டில் தவறாக டைப் செய்தால் கம்ப்யூட்டர் தவறான விடையைத்தான் தரும். காரிலும் அப்படித்தான். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று கணக்கிடும் ஈசியூ ஒரு கம்ப்யூட்டர். அதன் கீபோர்டு, சென்சார்கள்.

ஏர் ஃபில்டரை அடுத்துள்ள குழாயில் இருப்பது ஏர்ஃப்ளோ சென்சார். அதனுள் சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பி உண்டு. காற்று பட்டுக் குளிரும் கம்பியின் சூடு குறையாமலிருக்க எவ்வளவு மின்சாரம் தேவையோ, அதைக் கொண்டு காற்றின் அளவு தெரியும்.

கழுவிப் பயன்படுத்தும் காட்டன் ஃபில்டர் வாங்கி, எண்ணெயைத் தாராளமாகவே பூசினேன். சில வாரங்களில் மேட்டில் கார் திணறியது. எஞ்சின் விளக்கும் எரிந்தது. மெக்கானிக் சென்சாரையே மாற்றச் சொன்னார். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது!

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் புளூடூத் அடாப்டரைச் செருகி மொபைலில் பார்த்தேன். எரர் நம்பர் பி0171. அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லை. லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் +18 சதவீதம் (10-க்குள் இருந்தால் கவலையில்லை). எண்ணெய் படிந்த கம்பி காற்றைக் குறைத்துச் சொல்ல, சைலன்சர் பக்கத்து ஆக்சிஜன் சென்சார் அதைக் காட்டிக்கொடுக்க, ஈசியூ பெட்ரோலைக் கூட்டிச் சமாளித்திருக்கிறது.

குழாயில் காற்றுக் கசிவு இருந்தாலும் இதே நம்பர் வரும். ஐடிலிங்கில் ட்ரிம் அதிகமாகி, வேகத்தில் குறைந்தால் கசிவு. வேகத்தோடு ஏறினால் சென்சாரையோ பெட்ரோல் பம்பையோ சந்தேகியுங்கள். எனக்கு ஏறியது.

இக்னிஷனை அணைத்து, சென்சாரைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்தேன். கம்பியைத் தொடாதீர்கள். கார்புரேட்டர் கிளீனரும் வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின் மாட்டினேன், பேப்பர் ஃபில்டருடன். இப்போது ட்ரிம் +4.

பல சிறிய பெட்ரோல் கார்களில் இந்த சென்சாரே கிடையாது. அவை காற்றின் அழுத்தத்தை அளந்து கணக்கிடுபவை. ஸ்ப்ரே வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.