கைப்பிடி அரிசி

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் மிகவும் அன்பான பேரனுக்கு,

ஆச்சி ஆசீர்வாதங்களோடு எழுதுவது. தேவ கிருபையால் இங்கே நான் சுகம். முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "எல்லாம் இருக்கு ஆச்சி, ஆனா உள்ளே ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்றாய். பெங்களூரில் உன் வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு நான் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினாயே, அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதே குரலா இது என்று இருந்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் ராசா. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறாய், காலையில் சாப்பிடாமல் ஓடுகிறாய். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும், நான் செத்தால் நல்லது என்று கேட்டாரே, அப்போது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே நீ முதலில் நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. தூக்கம் வராமல் வாரக்கணக்கில் மனசு இருண்டே கிடந்தால் நல்ல டாக்டரைப் பார். விசுவாசம் குறைந்தவர்கள்தான் டாக்டரிடம் போவார்கள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

இனி நீ சொன்னதற்கு வருகிறேன். வீடும் காரும் சம்பளமும் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அவை தேவன் கொடுத்த நன்மைகள். வாங்கி அனுபவி, ஸ்தோத்திரம் சொல். ஆனால் அவற்றால் எவ்வளவு முடியுமோ அவ்வளவைத்தான் அவற்றிடம் கேட்கவேண்டும். வீடு வெயிலையும் மழையையும் தடுக்கும். மனசை நிரப்பு என்று அதனிடம் கேட்டால் அது என்ன செய்யும், பாவம்! பிரசங்கியின் புத்தகத்தை எடுத்துப் பார். அதை எழுதினவர் வீடு கட்டினார், திராட்சத்தோட்டம் போட்டார், வெள்ளியும் பொன்னும் சேர்த்தார், பாடகரை வைத்துக்கொண்டார். பிறகு திரும்பிப் பார்த்தால் எல்லாம் காற்றைப் பிடித்த கதை. கிடைக்காதவன் வயிற்றெரிச்சலில் எழுதினது இல்லை அது, எல்லாம் கிடைத்தவர் எழுதினது. ஆகவே உன் வெறுமையைப் பார்த்துப் பயப்படாதே. அது உண்மையைத்தான் சொல்கிறது.

என் அம்மாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? 1960-களில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அப்பா கிராமத்துச் சபையில் உபதேசியார். சம்பளம் கைக்கும் வாய்க்குமே பற்றாது. பாதி நாள் ராத்திரி கேப்பைக் கூழ்தான். அரிசி கிடைத்த நாளில் அம்மா அதைச் சுளகில் புடைத்து, கல் பொறுக்கி, உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அள்ளி அடுப்பு மேட்டில் இருக்கும் மண்கலயத்தில் போடுவாள். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். ஒருநாள் பசி பொறுக்காமல் நான் கேட்டேவிட்டேன், "நமக்கே காணலையே, இன்னைக்கு ஒருநாள் போடாம இருந்தா என்னம்மா?" என்று. அம்மா கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து அந்த அரிசிக்குள் வைத்து, "கொடுக்க ஒரு பிடி இருக்கே, அப்போ நாம இல்லாதவங்க இல்லட்டி" என்றாள். பிறகு பாடிக்கொண்டே அடுப்பை ஊதினாள்.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று நான் ரொம்ப வருஷம் யோசித்திருக்கிறேன். அரிசியிலிருந்து வந்திருக்க முடியாது. அரிசிதான் இல்லையே!

பவுல் பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தை இந்த வாரம் ஒரே மூச்சில் வாசி. நாலு அதிகாரம், 104 வசனம். அரை மணி நேரம் ஆகாது. சிறையிலிருந்து எழுதினது. வழக்கு என்ன ஆகும், உயிர் மிஞ்சுமா என்று தெரியாத நிலையில், திரும்பத் திரும்பச் சந்தோஷத்தைப் பற்றியே எழுதுகிறார். அந்தப் பிலிப்பி பட்டணத்தில்தான் அவரும் சீலாவும் அடிபட்டு, கால் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பாடினார்கள். பூமி அதிர்ந்து கதவு திறந்தது பிறகு. பாட்டு அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. கதவு திறந்த பிறகு பாட யாராலும் முடியும்.

வாத்திச்சியாக இருந்தவள் நான். அந்த நிருபத்தில் என்னைப் பிடித்துக்கொண்ட சங்கதி, எந்த நிலையிலும் மனரம்மியமாயிருப்பதைத் தான் கற்றுக்கொண்டதாகப் பவுல் சொல்வது. அது அவருக்குப் பிறவிக் குணம் இல்லை; பாடமாகப் படித்தது. அப்படியானால் நீயும் படிக்கலாம், இந்த வயதில் நானும் இன்னும் படிக்கலாம். அந்தப் பாடத்துக்கு வாத்தியார் கிறிஸ்துதான். சிலுவைக்குப் போகிற அந்த ராத்திரியிலேயே அவர் தம் சந்தோஷத்தைச் சீஷர்களுக்குத் தருவதாகச் சொன்னார். திராட்சச் செடியில் கொடி போல என்னில் நிலைத்திருங்கள் என்று சொன்ன கையோடு சொன்னார். கொடி முக்கி முக்கிப் பழம் கொடுக்கிறதில்லையே. செடியில் ஒட்டியிருக்கிறது, காய்க்கிறது. நீ சந்தோஷத்தைத் தேடி அலையவேண்டாம் ராசா. அவரோடு ஒட்டியிரு, அது தன்னால் வரும்.

சின்ன வயதில் உன்னை டோனாவூருக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? அங்கே பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர்; திரும்பிப் போகவே இல்லை. 1931-ல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டு, 1951-ல் கண்மூடும் வரைக்கும் ஏறக்குறைய இருபது வருஷம் படுக்கையும் அறையுமாகவே இருந்தார். ஜெபம் பண்ணாமலா இருந்திருப்பார்கள்? வலி போகவில்லை. ஆனால் படுக்கையில் இருந்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார். நோயில் கிடப்பவர்களுக்கென்றே எழுதின கடிதங்கள் 1933-ல் புத்தகமாக வந்தன. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி ஒன்றை வைத்து, "அம்மா" என்று மட்டும் எழுதினார்கள். நீ அந்தத் தொட்டிப் பக்கத்தில் ரொம்ப நேரம் குருவியைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

சந்தோஷம் என்றால் அழாமல் இருப்பது என்று நினைத்துவிடாதே. தாத்தா போன பிறகு வந்த முதல் ஞாயிறு கோயிலில் எழுந்து நின்றேன். பாட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. பக்கத்தில் நின்ற என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் எனக்கும் சேர்த்துப் பாடினாள். நான் அழுதுகொண்டே நின்றேன். ஆனால் காலுக்குக் கீழே தரை இருந்தது. அந்தத் தரையைத்தான் நான் சந்தோஷம் என்கிறேன். மேலே துக்கம் இருக்கலாம், அதுபாட்டுக்கு இருக்கட்டும், தரை விட்டுப்போவதில்லை.

நீ ஞாயிறு ஆராதனையைப் போனில் பார்க்கிறேன் என்கிறாய். போன் உன் கையைப் பிடிக்குமா? பக்கத்தில் இருக்கிற சபைக்கு நேரில் போ. போய், முடிந்ததும் ஓடிவராமல் நில். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமா என்று கேள். காலையில் போனைத் தொடும் முன் ஒரு சங்கீதம் வாசி. சம்பளம் வந்த அன்றைக்கே, செலவுக்கு எடுக்கும் முன், ஒரு பிடி எடுத்து வைத்துவிடு. மிச்சம் வந்தால் கொடுக்கலாம் என்று காத்திருக்காதே, மிச்சம் யாருக்கும் வராது. பிலிப்பி சபையும் சேர்ந்த மக்கெதோனியா நாட்டுச் சபைகளைப் பற்றிப் பவுல் இன்னொரு நிருபத்தில் எழுதுகிறார்: கொடிய தரித்திரமும் நிறைந்த சந்தோஷமும் ஒன்றாக இருந்து, அள்ளிக் கொடுத்தார்களாம். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் மண்கலயம் ஞாபகம் வரும்.

கடைசியாக ஒன்று. சொல்லாமல் விட்டால் என் மனசு கேட்காது. பிலிப்பியர் நிருபத்தில், எப்போதும் சந்தோஷமாயிருங்கள் என்கிற இடத்துக்கு இரண்டு வசனம் முன்னால், எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களைப் பேர் சொல்லி அழைத்து, ஒருமனப்படுங்கள் என்று கெஞ்சுகிறார் பவுல். ஐந்து சென்ட் மனைக்காக நீயும் உன் அண்ணனும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. நியாயம் உன் பக்கம்கூட இருக்கலாம். நான் அதற்குள் வரவில்லை. ஆனால் மூடின கையில் யாரும் ஒன்றும் வைக்க முடியாது ஐயா, கர்த்தராலும்கூட. முதல் போன் நீ பண்ணு.

அடுத்த மாதம் நம்ம கோயில் அசன விருந்து. நீங்கள் பள்ளிக்கூடம் படித்த நாளில், அண்ணன் சோற்று வாளி, நீ குழம்பு வாளி. பந்தி பந்தியாக ஓடி ஓடிப் பரிமாறினீர்கள். எல்லாரும் எழுந்த பிறகு கடைசிப் பந்தியில், வேர்த்து விறுவிறுத்து, இரண்டு பேரும் ஒரே இலையில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். அன்றைக்கு உன்னிடம் வீடும் இல்லை, காரும் இல்லை. சந்தோஷமாக இருக்கிறாயா என்று உன்னைக் கேட்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

இந்த வருஷம் வா. வாளி தூக்க ஆள் குறைவு என்று சபை ஐயர் சொன்னார். உன் பெயரையும் அண்ணன் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

ஜெபத்துடன்,
உன் ஆச்சி