உறிஞ்சுவது யார்?

இளநீரில் குழாயை வைத்து உறிஞ்சுகிறீர்கள். உங்கள் வாய் இளநீரை மேலே இழுக்கிறதா? இல்லை. வாய்க்குள் அழுத்தம் குறைகிறது. இளநீரின் மேல் அழுத்தும் வெளிக்காற்று அதைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அவ்வளவுதான். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதும் இந்த விடை, தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெறும் செவிலியருக்கு ஓர் உயிரைக் காக்கும் பாடம்.

மூச்சுக்குழலில் செயற்கைக் குழாய் பொருத்தப்பட்ட நோயாளியால் நன்றாக இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. ஆகவே மெல்லிய உறிஞ்சுகுழாயை உள்ளே செலுத்திச் சளியை எடுக்கிறார்கள். பயிற்சி முதலில் பொம்மை உடலில்தான் நடக்கும்.

வளிமண்டல அழுத்தம் 760 மி.மீ. பாதரசம் என்று படித்திருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு, அதைவிட 80 முதல் 120 மி.மீ. வரை குறைவான அழுத்தம் போதும் என்று பொதுவாகக் கற்பிக்கிறார்கள். பச்சிளங் குழந்தைக்கு இன்னும் குறைவு. கூடுதலாக வைத்தால் வேலை விரைவில் முடியுமே என்று தோன்றும். ஆனால் 120 மி.மீ. வேறுபாடே ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பிலும் சுமார் 163 கிராம் எடைக்குச் சமமான விசை. குழாயின் துளை மூச்சுக்குழலின் மென்மையான உட்சவ்வில் ஒட்டிக்கொண்டால் அது புண்ணாகும்.

சில அழுத்தமானிகள் கிலோபாஸ்கலில் குறிக்கப்பட்டிருக்கும். 1 கிலோபாஸ்கல் என்பது 7.5 மி.மீ. பாதரசம். 80 மி.மீ. வைக்க வேண்டிய இடத்தில் 80 கிலோபாஸ்கல் வைத்தால் என்ன ஆகும்? 600 மி.மீ.! அலகு எழுதாத விடைக்கு உங்கள் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பதில் நியாயம் இருக்கிறது, பாருங்கள். இன்னொன்று: இணைப்புக் குழாயை மடித்து அடைத்துக்கொண்டுதான் மானியைப் பார்த்து அழுத்தத்தை அமைக்க வேண்டும். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது மானி குறைத்துக் காட்டும். பிறகு குழாய் அடைபடும்போது அழுத்தம் எல்லை மீறிவிடும்.

சரி, எவ்வளவு பருமனான குழாய் வேண்டும்? இங்குதான் சிக்கல். பாய்ஸெய் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1840-களில் வெளியிட்ட விதிப்படி, குழாயில் பாயும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் இரட்டித்தால் பாய்வு 16 மடங்கு! சளி சாதாரணத் திரவமன்று. அதற்கு இவ்விதி அப்படியே பொருந்தாது. எனினும் பருமனான குழாயில் சளி எளிதில் வரும் என்பது உண்மையே. ஆனால் உறிஞ்சுகுழாய் சளியை மட்டுமா எடுக்கிறது? நுரையீரலின் காற்றையும் எடுக்கிறது. அதை ஈடுசெய்ய வெளிக்காற்று இரு குழாய்களுக்கும் இடையிலுள்ள சந்தின் வழியே நுழைய வேண்டும். சந்து குறுகினால் நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கிப்போகும்.

எனவே உறிஞ்சுகுழாயின் வெளிவிட்டம், மூச்சுக்குழாயின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பழகிய விதி. உள்விட்டம் 8 மி.மீ. என்றால் 4 மி.மீ. குழாய். அது அடைப்பது பாதிப் பரப்பை அன்று, கால் பரப்பைத்தான். 6 மி.மீ. குழாயைச் செருகினாலோ பாதிக்குமேல் அடைபடும்.

குழாயின் மேல்முனை அருகே ஒரு பக்கத்துளை உண்டு. அதைக் கட்டைவிரலால் மூடினால்தான் நுனியில் உறிஞ்சல் நிகழும். திறந்திருந்தால் காற்று அந்த எளிய வழியிலேயே புகுந்துவிடும். உள்ளே செலுத்தும்போது துளை திறந்திருக்க வேண்டும்; வெளியே எடுக்கும்போதுதான் விரல் மூடும். முன்னதாக அரை நிமிடமாவது நோயாளிக்குத் தூய ஆக்சிஜன் கொடுப்பார்கள். ஒரு முறை உறிஞ்சுவது 15 விநாடிக்கு மேற்படலாகாது. பயிற்சியில், "நீங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு செய்யுங்கள்" என்று சொல்வதுண்டு. நல்ல உபாயம்தான், ஆனால் நோயாளிக்கு நம்மைவிட விரைவில் மூச்சு முட்டும்.

உறிஞ்சுகுழாய்கள் பிரெஞ்சு எண்களில் விற்கப்படுகின்றன. பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் தந்த அளவுமுறை இது; மி.மீ. விட்டத்தை மூன்றால் பெருக்கினால் எண் கிடைக்கும். 4 மி.மீ. குழாய் 12-ஆம் எண். மூச்சுக்குழாயின் உள்விட்டம் 7 மி.மீ. என்றால் 10, 12, 14 ஆகியவற்றில் எதை எடுப்பீர்கள்? 3.5 மி.மீ.-க்கு உரிய எண் பத்தரை, ஆகவே 10.