அஞ்சும் பிள்ளைக்கு அபயம்

பகவத் கீதையின் 16-ஆம் அத்தியாயம் தெய்வ சம்பத்துக்களைக் கூறத் தொடங்குகையில் முதலாவதாக வைப்பது அபயம். அதனை நாம் அடைய வேண்டிய குணமாகவே பயின்று வருகிறோம். அஞ்சி நிற்பவருக்கு அதை அளிப்பதும் சாதனையின் ஓர் அங்கமே.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அச்சத்தை நாம் பெரும்பாலும் பிடிவாதம் என்றே கருதிவிடுகிறோம். மருத்துவர் லியோ கானர் 1943-இல் எழுதிய கட்டுரையிலேயே, சூழல் சிறிதும் மாறலாகாது என்னும் பதற்றம் நிறைந்த வேட்கையைச் சுட்டியிருந்தார். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஆட்டிசம் உள்ள இளையோரில் ஏறக்குறைய 40 சதவீதத்தினருக்குப் பதற்றக் கோளாறு ஒன்றேனும் உள்ளது.

வயது ஏற ஏற இவ்வச்சம் உருமாறுகிறது. சிறுவயதில் குக்கரின் விசிலும் நாயின் குரைப்பும் அஞ்சத்தக்கவை. பதின்வயதிலோ, ‘பிறர் என்னை என்ன நினைப்பர்?’ என்னும் கவலை வந்து சேர்கிறது. அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியை டெம்பிள் கிராண்டின் தமது பதற்றம் பருவமடைந்த காலத்தில் தொடங்கியதாக எழுதியுள்ளார். காரணமேயின்றி மேடையேறுமுன் தோன்றும் நடுக்கம் போல அது இடைவிடாது இருந்ததாம். முப்பது வயதைக் கடந்தபின் மருந்தினாலேயே அவருக்குப் பெருமளவு நிம்மதி கிட்டியது. தியானம் போதும், மருத்துவம் வேண்டாம் என்று பெற்றோருக்கு அறிவுரை கூறும் அன்பர்கள் இதைக் கருத வேண்டும். (‘முன்வினை’ என்று சொல்லி அத்தாயைப் புண்படுத்துவோரைப் பற்றி என்ன சொல்வது!)

பேச இயலாத பிள்ளையின் அச்சம் கையைக் கடிப்பதாகவோ வயிற்றுவலியாகவோ வெளிப்படும். பேசும் பிள்ளை, ‘நாளை பள்ளி உண்டா?’ என்று பத்துமுறை கேட்பான். விடை அவனுக்குத் தெரியும். அவன் நாடுவது உறுதியை. நாளைய நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டினால், அவனே சென்று பார்த்துக்கொள்வான்.

நமது சத்சங்கக் கூடங்களில், இத்தகைய பிள்ளையுடன் வரும் தாய் கடைசி வரிசையில் கதவருகே அமர்வார். ஆரத்தியின்போது சங்கும் மணியும் திடீரென முழங்கப் பிள்ளை அலறுவான். பலர் திரும்பிப் பார்ப்பர். அடுத்த வாரம் அத்தாய் வரமாட்டார். சங்கு ஊதுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அவரிடம் தெரிவிக்கலாம். கதவருகே உள்ள இடத்தை வாரந்தோறும் அவர்களுக்கென்றே ஒதுக்கலாம். பிள்ளை வெளியே திண்ணையில் நின்று பஜனை கேட்க விரும்பினால், பிரசாதத்தை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.