மாடியில் ஒரு புத்தகச் சந்தை

பேரங்காடியில் உள்ள பெரிய புத்தகக் கடைக்குள் நுழைபவரை யாரும் உடனே “என்ன வேண்டும்?” என்று கேட்பதில்லை. குளிரூட்டப்பட்ட கூடமும் பிரிவு பிரிவாக அடுக்கிய நூல்களும் வாடிக்கையாளரைத் தனியே உலவ விடுகின்றன. தேடும் நூல் கண்ணில் படாவிட்டால், பணியாளர் கணினியைத் தட்டிப் பார்த்துச் சொல்வார். நூல் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால், பின்னட்டையைப் படிப்பதோடு சரி.

பினாங்கில் இதற்கு நேர்மாறான இடம் ஒன்று உண்டு. ஆயர் ஈத்தாமிலிருந்து 204ஆம் எண் பேருந்தில் ஏறி, கொம்தாரில் இறங்கிச் சற்று நடந்தால், பினாங்கு சாலையில் சவ்ராஸ்தா சந்தை வரும். ‘சவ்ராஸ்தா’ என்னும் உருதுச் சொல்லுக்கு நாற்சந்தி என்று பொருள். 1890இல் தோன்றிய இச்சந்தையின் கீழ்த்தளத்தில் மீனும் காய்கறியும் சாதிக்காய் ஊறுகாயும் விற்கின்றன. மாடியில்தான் பழைய புத்தகக் கடைகள்.

அங்கே நூல்கள் தரையிலிருந்து தலைக்கு மேல்வரை அடுக்கப்பட்டிருக்கும். எதிரே ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்கியே ஆக வேண்டும். வெளிநாட்டுப் பயணி ஒருவர் தலையைச் சாய்த்து நாவல்களின் பெயர்களைப் படிப்பார். மாணவி ஒருத்தி எஸ்பிஎம் பயிற்சி நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவாள். முன்பு வைத்திருந்தவர் விடைகளை எழுதிவிட்டாரா என்று பார்க்கத்தான்! பென்சில் என்றால் அழித்துக்கொள்ளலாம். பேனா என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். கணினி செய்யும் வேலையை இங்கே கடைக்காரரின் நினைவாற்றல் செய்கிறது. கேட்ட நூலை அடுக்கின் நடுவிலிருந்து, மற்றவை சரியாமல் உருவி எடுப்பது லேசான காரியமன்று. இக்கடைக்காரர்களில் இந்திய முஸ்லிம்கள் பலர். வாங்குபவரைப் பார்த்து அவர்களின் பேச்சு தமிழுக்கும் மலாய்க்கும் ஆங்கிலத்திற்கும் மாறும்.

பழைய பாடநூல்களைத் தேடிப் பெற்றோர் அலைந்த காலம் மாறிவிட்டது. 1975இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் எல்லா மாணவருக்கும் விரிவாக்கப்பட்டது. அது பெற்றோருக்குப் பெரிய உதவி. பழைய நூல் விற்பவருக்கோ ஒரு வாடிக்கை குறைந்தது. இப்பொழுது கைப்பேசியும் போட்டிக்கு வந்திருக்கிறது.

சென்னையில் பழைய நூல்களுக்குப் பெயர்பெற்ற மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. வணிகர்கள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்திற்குச் சென்றனர். எந்த அடுக்கில் எந்த நூல் இருக்கிறது என்பதை அவர்கள் அங்கே புதிதாக மனத்தில் பதிய வைக்க வேண்டியிருந்தது.