பித்தப்பை போயாச்சு... வலி ஏன் போகலை?

"பையையே எடுத்துட்டாங்க ஐயா. அப்புறம் எங்கேருந்து கல்லு வந்துச்சு?"

பாகூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. வயது ஐம்பத்திரண்டு. பித்தப்பைக் கல்லுக்காக ஆபரேஷன் செய்துகொண்டு எட்டு மாதம் நிம்மதியாக இருந்தவர். பிறகு சாப்பிட்டால் மேல் வயிற்றில் ஒரு பிடிப்பு, முதுகு வரை போகிற வலி. "வாயுதாங்க" என்று அவரே சொன்னார். நானும் அதை நம்பி, சூரணம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டே வாரத்தில் திரும்பி வந்தார். கண்ணில் மஞ்சள். பக்கத்து வீட்டு ஆயா சொன்னபடி மூன்று நாளாகக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்திருக்கிறார். முந்தின ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வேறு!

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பித்தக்குழாயில் ஒரு கல் அடைத்துக்கொண்டிருந்தது. வாய் வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் முதல் தடவை வந்தபோதே, "மூத்திரம் என்ன நிறத்துல போகுதும்மா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரையை எழுதவைக்கிறது.

ஏரி போனாலும் தண்ணீர் உண்டு

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். தினமும் ஏறக்குறைய அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கும். பித்தப்பை அதைக் கெட்டியாக்கிச் சேமித்து வைக்கிற ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். அதில் 30 முதல் 50 மில்லிதான் பிடிக்கும். நாம் எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டதும் பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விடும்.

பாகூர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மதகைத் திறந்தால் வாய்க்கால் வழியாக வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. ஏரியே இல்லை என்றால்? வருகிற தண்ணீர் தேங்க இடமின்றி, வாய்க்காலில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிக்கொண்டே இருக்கும். பித்தப்பையை எடுத்தபின் நடப்பதும் இதுதான். ஏரியைத்தான் எடுத்தார்கள், வாய்க்கால் அப்படியே இருக்கிறது. அந்த வாய்க்காலில் கல் தங்கலாம், புதிதாக உருவாகவும் செய்யலாம். அந்த அம்மாவின் கேள்விக்கு இதுவே பதில்.

இன்னொன்று. "பித்தப்பையை எடுத்துட்டா உடம்புல பித்தமே இருக்காதாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. சித்த மருத்துவம் சொல்லும் பித்தம், வாதம், கபத்தோடு சேர்ந்து உடம்பு முழுவதையும் நடத்துகிற ஒன்று. அதை எந்தக் கத்தியாலும் எடுக்க முடியாது. பயம் வேண்டாம்.

யாருக்கு, ஏன்?

பித்தப்பையை முதன்முதலில் அறுத்து எடுத்தவர் பெர்லின் நகர சர்ஜன் லாங்கென்புக், ஆண்டு 1882. சிறு துளை போட்டு லேப்ராஸ்கோப் மூலம் எடுக்கும் முறையை 1990-ல் மும்பையில் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் உத்வாடியா. இப்போது பலர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். பெரும்பாலோருக்குத் தொல்லை அத்தோடு தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் பத்தில் ஒருவருக்காவது ஏதேனும் ஒரு தொந்தரவு தொடர்கிறது. காரணங்கள் பல:

1. ஆபரேஷன் முடிந்த சில நாள் தோள்பட்டையில் வலி. வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய வாயுவால் வருவது, தானே போய்விடும்.

2. சாப்பிட்டவுடன் அவசரமாக, தண்ணீராக வயிற்றுப்போக்கு. சிறுகுடல் உறிஞ்சியது போக மிஞ்சிய பித்த உப்பு பெருங்குடலுக்குப் போய் அங்கே நீரைச் சுரக்கவைக்கிறது. பலருக்குச் சில வாரங்களில் அடங்கும். அடங்காதவர்களுக்கு அந்த உப்பைப் பிடித்துவைக்கும் கொலஸ்டைரமின் என்ற தூளை டாக்டர்கள் தருவார்கள். தைராய்டு போன்ற வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள், இதற்கும் அதற்கும் எவ்வளவு நேரம் இடைவெளி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

3. வலிக்குக் கல் காரணமே இல்லாமல் இருப்பது. ஸ்கேனில் கல் தெரிந்தது உண்மை. ஆனால் தொல்லை கொடுத்தது வயிற்றுப்புண்ணோ, நெஞ்செரிச்சலோ, குடல் எரிச்சலோ! பையை எடுத்தால் அது எப்படிப் போகும்?

4. குழாயில் கல், குழாயில் காயம் அல்லது சுருக்கம், குழாய் வாயில் உள்ள தசை இறுகிப்போவது, கணைய அழற்சி. இவை தாமதிக்கக் கூடாதவை.

வீட்டிலேயே பார்க்க நான்கு

நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டையும் பார்த்தே நோயைக் கணிக்கச் சித்த மருத்துவம் சொல்கிறது. கல்லூரியில் மனப்பாடம் செய்த பாடம்தான். இதில் நான்கை நீங்களே பார்க்கலாம்.

விழி: வெள்ளை விழியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சளா?
நிறம்: தோல் மஞ்சளிக்கிறதா? உடம்பெல்லாம் அரிக்கிறதா?
மூத்திரம்: நிறையத் தண்ணீர் குடித்தும் கட்டங்காப்பி நிறத்தில் போகிறதா?
மலம்: களிமண் போல வெளுத்துப் போகிறதா?

இவற்றில் ஒன்று இருந்தாலும் பித்தநீர் குடலுக்கு வராமல் தடைபட்டிருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கூடவே குளிர் காய்ச்சலோ, விடாத வாந்தியோ, தாங்க முடியாத வலியோ இருந்தால் ராத்திரியானாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழாயில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. வில்லியனூர், பாகூர்க்காரர்களுக்குக் கோரிமேட்டு ஜிப்மர் எட்டாத தூரமில்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் குழாயைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. படம், இவற்றில் விஷயம் தெரிந்துவிடும்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல் வயிற்று வலியோடு வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கினால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். "பழைய ஆபரேஷன் வலி" என்று படுத்துவிடாதீர்கள்.

கீழாநெல்லியை நான் மதிக்கிறவன். ஆனால் எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சள் அல்ல. குழாய் அடைத்து வருகிற காமாலைக்கு அடைப்பை எடுப்பதுதான் வைத்தியம். அடைத்த கல்லை எந்தப் பச்சிலையும் தள்ளிவிடும் என்று நம்பி நாளைக் கடத்த வேண்டாம். ஒரு சித்த மருத்துவனே சொல்கிறேன்!

தட்டில் என்ன?

ஆபத்தான காரணம் இல்லை என்று தெரிந்தபின் சாப்பாட்டுக்கு வருவோம்.

மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதை ஐந்து வேளையாகப் பிரியுங்கள். வடை, பஜ்ஜி, பரோட்டா-சால்னா, ஆட்டுக் கொழுப்பு முதல் சில வாரம் வேண்டாம். அதற்காக எண்ணெயை அடியோடு விட வேண்டியதும் இல்லை. தாளிக்க ஒரு ஸ்பூன் என்று தொடங்கி, ஒத்துக்கொள்வதைப் பார்த்துக் கூட்டுங்கள். மீனை வறுக்காமல் குழம்பாக வையுங்கள். போக்கு உள்ளவர்கள் காபியையும் மிளகாய்க் காரத்தையும் குறைத்து, குழைந்த சோறு, வாழைப்பழம், கடைந்த மோர் என்று போகலாம். உப்புசத்துக்குச் சீரகத் தண்ணீர் சுகம் தரும். கழிச்சலுக்குத் தயிர்ச்சுண்டிச் சூரணம் போன்ற மருந்துகள் எங்களிடம் உண்டு. கடையில் வாங்கி நீங்களே சாப்பிடாமல் வைத்தியரிடம் காட்டிச் சாப்பிடுங்கள். எந்த உணவுக்குப்பின் தொல்லை வந்தது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், எந்த வைத்தியரிடம் போனாலும், "எனக்குப் பித்தப்பை எடுத்திருக்கு" என்பதை முதலில் சொல்லுங்கள்.

அந்த அம்மா இப்போதும் முழங்கால் வலிக்கு என்னிடம் வருகிறார். மஞ்சள் பையிலிருந்து சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறார். நானும் மறக்காமல் நான்கையும் கேட்டுவிட்டுத்தான் நாடியைத் தொடுகிறேன்.