பழைய துவக்கும் பயிர்க் காவலும்

காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க, அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருக்கும் கமக்காரர் உளர். தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த பழைய துவக்காயின் கூடிய கவனம் வேண்டும்.

1. குழல்: பரணிற் சாத்திவைத்த துவக்கின் குழலில் குளவி கூடு கட்டும், வரம்பில் வழுக்கி விழுந்தால் குழல்வாயிற் சேறு புகும். அடைப்புள்ள குழல் சுடும்போது வெடித்துப் பிளந்து, சுடுபவரின் கையைச் சிதைக்கும். ஆகவே, தோட்டா இடுமுன் துவக்கைத் திறந்து, பின்புறமிருந்து குழலினூடாக வெளிச்சம் தெரிகின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

2. தோட்டா: 12ஆம் இலக்கத் துவக்கில் இட்ட 20ஆம் இலக்கத் தோட்டா குழலினுள்ளே சென்று தங்கிவிடும். அதன் பின்னே சரியான தோட்டாவை இட்டுச் சுட்டாலும் குழல் பிளக்கும். இருவகைத் தோட்டாக்களையும் ஒரே பையில் வைத்தலாகாது. 65 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கெனச் செய்த பழைய துவக்கில் 70 மில்லிமீற்றர்த் தோட்டா இடலாகாது.

3. வெடியாத தோட்டா: உடனே திறவாது, குழல்வாயை ஆளில்லாத் திசையில் 30 செக்கனுக்குக் குறையாமற் பிடித்திருத்தல் வேண்டும்.

4. நடமாட்டம்: வேலி கடக்குமுன்னும் பரணில் ஏறுமுன்னும் தோட்டாவை எடுத்துவிடுக. வீட்டில் துவக்கையும் தோட்டாவையும் வெவ்வேறிடத்திற் பூட்டி வைக்குக.

கட்டுத்துவக்கு வைப்பது சட்டவிரோதமானது. அது பன்றியையும் அயலவரையும் பிரித்தறியாது.